மான்களுக்கு எதை விதைப்பது: சோளமா, மக்காச்சோளமா, பயறா, குளோவரா?

வசந்தம் பிறந்து மண் சூடேறத் தொடங்கியதும், அமெரிக்காவின் கேன்சஸ், மிசூரி, ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்துவிடும். காட்டோரம் கிடக்கும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரில் வெள்ளைவால் மான்களுக்காக இந்த ஆண்டு எதை விதைப்பது? நவம்பர் வேட்டைப் பருவத்தை மனதில் வைத்து விதைப்பவர்கள் உண்டு. மான் வந்து மேய்வதைப் பார்த்தால் போதும் என்று விதைப்பவர்களும் உண்டு. அங்கே நிலம் வாங்கியிருக்கும் நம்மவர்கள் சிலரும் இந்தக் கேள்வியோடு விதைக்கடைக்குப் போகிறார்கள். கிளைத்த கொம்புடன் ஆண் மான் நிற்கும் படம் போட்ட பைகள் அங்கே வரிசையாக அடுக்கியிருக்கும். படத்தை நம்பிப் பையை எடுத்தால் பெரும்பாலும் பணம்தான் விரயம்.

என் தேர்வு சோளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரிசல் காட்டிலும் கொங்கு மேட்டு நிலத்திலும் விளைகிற அதே தானியச் சோளம். அங்கே மைலோ என்றும் அழைப்பார்கள். மானின் நாவுக்கு அதைவிட ருசியான பயிர்கள் இருக்கின்றன, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சிறிய நிலத்தில், மழையை மட்டும் நம்பி விதைத்து, ஜனவரியில் மானுக்குக் கதிராகக் கிடைக்க வேண்டுமென்றால் சோளத்தை விட்டால் வேறு பயிர் அதிகம் இல்லை.

மானுக்காக விதைப்பதா என்று ஊரில் கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வேட்டைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரியை வனவிலங்கு மீட்புக்கே திருப்பிவிட்ட 1937ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்று அந்த எண்ணிக்கை சுமார் 3 கோடி. பயிர்த் தேர்வுக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மான் பெருகிய இடத்தில், விதைத்தது முளைப்பதற்கும் விளைவதற்கும் நடுவே உங்கள் நிலம் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடக் கூடும். ஆகவே மானுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் பார்த்து விதைப்பவர் தோற்றுப்போகிறார். எந்த மாதத்தில் பசி, அந்த மாதம் வரை எந்தப் பயிர் தாக்குப்பிடிக்கும் என்று பார்த்து விதைக்க வேண்டும்.

பசிக்காலம் இரண்டு. மே, ஜூனில் குட்டி ஈன்று ஆகஸ்ட் வரை பாலூட்டும் பெண் மானுக்கும், அதே மாதங்களில் கொம்பு வளர்க்கும் ஆண் மானுக்கும் புரதம் வேண்டும். டெக்சஸ், ஓக்லஹோமாவின் ஆகஸ்ட் வெயிலில் காட்டுச் செடிகள் நார் பாய்ந்து கிடக்கும்போது இது கடுமையான தட்டுப்பாடாகிறது. அடுத்தது டிசம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலம். அப்போது உடல் சூட்டைக் காக்க மாவுச்சத்து வேண்டும். இடையில் வரும் அக்டோபர், நவம்பரில் ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்க்கின்றன. வெள்ளை ஓக் நன்றாகக் காய்த்த ஆண்டில் நீங்கள் எதை விதைத்திருந்தாலும் மான் திரும்பிப் பார்க்காது. நிலம் வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று அந்த நேரத்தில் பயிரைக் குறை சொல்லக் கூடாது.

இப்போது சோளத்துக்கு வருவோம். முளைத்த முதல் ஒரு மாதம் சோளப் பயிரின் குருத்து முனை மண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. மானோ முயலோ மேலே கடித்தாலும் பயிர் மறுபடி துளிர்த்துவிடும். அந்தப் பருவத்தில் மான் அதை அதிகம் தொடுவதும் இல்லை. இளம் சோளத்தில் உள்ள நச்சு, ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும் அந்தப் பொருள், முற்றாத சோளப் பயிரில் மாட்டை விட்டவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். மான் ஒரே செடியை வயிறு முட்ட மேயும் பிராணி இல்லை; பலவற்றை நுனி கிள்ளிப் போகும். எனவே மானுக்கு ஆபத்து சொற்பம். அதே நிலத்தில் மாடும் மேய்கிறது என்றால்தான் எச்சரிக்கை வேண்டும். வறட்சியில் வாடிய சோளத்திலும், உறைபனி விழுந்த உடனேயும் மாட்டை விடாதீர்கள்; தழை முழுவதும் காய்ந்த பிறகு விடலாம்.

கதிர் பால் பிடித்து மாவுப் பருவத்துக்கு வரும்போதுதான் மான் சோளத்தைத் தேடி வரத் தொடங்குகிறது. தானியச் சோளத்தின் நவீன ரகங்கள் மூன்று முதல் ஐந்து அடிக்குள் நிற்கும் குட்டை ரகங்கள் என்பதால், மானின் வாய்க்குக் கதிர் எட்டும் உயரத்தில் இருக்கிறது. வரப்பில் குனிந்து பார்த்தால் யார் தின்றது என்று சொல்லிவிடலாம். பறவை கொத்திய கதிரில் உமி அப்படியே இருக்கும், மணி மட்டும் காணாமல் போயிருக்கும், கீழ் இலைகளில் எச்சம் தெறித்திருக்கும். மான் தின்ற இடத்தில் கதிரே இருக்காது. கழுத்துப் பகுதி நார் நாராகக் கிழிந்து நிற்கும். மானுக்கு மேல் முன்பற்கள் கிடையாது, கடித்து நறுக்க முடியாமல் இழுத்துப் பிய்க்கும். கத்தியால் சீவியது போன்ற சாய்வான வெட்டு தெரிந்தால் அது முயல்.

வறட்சிக்குச் சோளம் ஈடுகொடுக்கும் விதத்தைச் சொல்லவே வேண்டாம். மெழுகு பூசிய இலை, ஆழமான வேர், மழை இல்லாத மூன்று வாரம் வளராமல் காத்திருந்து மழை வந்ததும் எழுந்துகொள்ளும் குணம். அமெரிக்காவில் அதிகம் சோளம் விளைவது கேன்சஸ் மாநிலத்தில், அடுத்து டெக்சஸ் என்பது தற்செயல் இல்லை. இரண்டுமே மக்காச்சோளம் கருகிப்போகும் மேற்கு வறள் நிலத்தைக் கொண்டவை. தழைச்சத்தையும் சோளம் குறைவாகவே கேட்கும். ஏக்கருக்கு 27 முதல் 45 கிலோ தழைச்சத்து மான் நிலத்துக்குத் தாராளம். நல்ல மகசூல் வேண்டுமானால் மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு வேண்டும். தானியத்தின் புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்து சதவீதத்தை ஒட்டி. சோளத்தில் ஒரு பிடி கூடுதல் என்றே வைக்கலாம்.

விதைக்கும் நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மண் வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வந்தால் விதைக்கலாம் என்று பையில் போட்டிருக்கும். தென் மாநிலங்களில் அது ஏப்ரலிலேயே வந்துவிடும். ஏப்ரலில் விதைத்த சோளம் ஜூலை, ஆகஸ்டில் முற்றி, கரும்பறவைக் கூட்டமும் புறாவும் தின்று தீர்த்து, நவம்பரில் வெறும் தட்டைதான் நிற்கும். குளிர்காலத்துக்குக் கதிர் வேண்டும் என்பவர் முதல் உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நடு மிசூரியில் அக்டோபர் நடுவில் உறைபனி எதிர்பார்க்கலாம் என்றால், 100 நாள் ரகத்தை ஜூன் முதல் பாதியில் விதைத்தால் சரியாக இருக்கும். ஜார்ஜியா போன்ற தெற்கில் ஜூலை தொடக்கம் வரை தள்ளலாம். தள்ளுவதற்கும் ஒரு விலை உண்டு: பின்பருவச் சோளத்தில் கதிர் ஈ, கரும்பு அசுவினி ஆகிய பூச்சிகள் அதிகம். 2013இல் டெக்சஸ் வளைகுடாக் கரையில் சோளத்தைத் தாக்கத் தொடங்கிய அந்த அசுவினி, அடுத்த சில ஆண்டுகளில் சோளம் விளையும் மாநிலங்களுக்கெல்லாம் பரவிவிட்டது. அதற்குத் தாங்கும் ரகங்கள் கிடைக்கின்றன. விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும். தீவனச் சோளம், சூடான் புல் கலப்பினம் ஆகியவற்றின் பைகளும் அதே அலமாரியில் இருக்கும். அவற்றில் தழைதான் வரும். மானுக்குத் தேவையான கதிர் வராது. பத்தடிக்கு மேல் வளரும் ஒரு சோள வகையை எகிப்தியக் கோதுமை என்ற பெயரில் விற்கிறார்கள். அது சாலையிலிருந்து நிலத்தை மறைக்கும் வேலிக்கு உதவும், அவ்வளவுதான். பறவை தாக்காத ரகம் என்று எழுதியிருந்தால் அதில் டானின் அதிகம் என்று பொருள். துவர்ப்பினால் பறவை ஒதுக்கும், மானும் முதலில் ஒதுக்கும். மழையிலும் பனியிலும் நனைந்து நனைந்து துவர்ப்பு குறைந்த பிறகே தின்னும். கரும்பறவைக் கூட்டம் மொய்க்கும் ஊரில், பிப்ரவரிக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்றால் இந்த ரகத்தை நான் தயங்காமல் எடுப்பேன்.

மக்காச்சோளத்தை மான் சோளத்தைவிட விரும்பும், அதில் இரண்டு பேச்சில்லை. வடக்கே, விஸ்கான்சின், மின்னசோட்டா போன்ற ஆழ்பனி மாநிலங்களில் பனிக்கு மேலே கதிர் நிற்பதும் அதில்தான். சோளத்தட்டை பனியின் கனத்தில் சாய்ந்துவிடும். அங்கே கோடை குறுகியது, சோளம் முற்றவும் நாள் போதாது. அந்த மாநிலங்களில் நிலம் இருந்தால் மக்காச்சோளத்தையே விதையுங்கள். தெற்கிலும் நடுவிலும் ஓர் ஏக்கரில் அதைப் போடுவது வேறு கதை. பால் பிடிக்கும் வாரத்திலேயே ரக்கூன் தட்டையை வளைத்துக் கதிரை உரித்துவிடும். டெக்சஸில் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தால் ஓர் இரவு போதும். தட்டைக்குப் பெரும்பாலும் ஒரே கதிர்தான்; அது போனால் அந்தச் செடியின் கதை முடிந்தது. மூன்று ஏக்கருக்கு மேல் நல்ல மண்ணும், உரத்துக்குப் பணமும், பன்றி இல்லாத அக்கம்பக்கமும் இருந்தால் மட்டுமே மக்காச்சோளத்தை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

களை விஷயத்தில் மட்டும் மக்காச்சோளமும் சோயாவும் சோளத்தை முந்துகின்றன. கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள் அவற்றில் உண்டு, சோளத்தில் இல்லை. சோளத்தின் மோசமான களையான ஜான்சன் புல் அதற்குப் பங்காளி முறை; ஒன்றைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் மற்றதையும் கொல்லும். ஜான்சன் புல் மண்டிய நிலத்தில் முதல் ஆண்டே சோளம் போடாதீர்கள். விதைப்பதற்கு முன் இரண்டு முறையாவது முளைக்கவிட்டு அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பயறு வகைகள் கோடைப் பசிக்கான பயிர்கள். சோயாவின் இளம் இலையில் 25 முதல் 30 சதவீதம் வரை புரதம். பாலூட்டும் பெண் மானுக்கு அதைவிட நல்ல தீவனம் விதைக்க முடியாது. காய்ந்த பிறகு நெற்றும் குளிர்காலத்துக்கு உதவும். ஆனால் மானுக்கு அது அவ்வளவு பிடித்தம் என்பதே அதன் பலவீனம். முளைத்து வரும் சோயாவின் இரண்டு விதையிலைகளுக்கும் கீழே கடித்துவிட்டால் அந்தச் செடி திரும்ப எழாது. மான் அதிகமுள்ள இடத்தில் ஓர் ஏக்கர் சோயா ஒரு முழம் உயரம் வருவதே அபூர்வம். இரண்டு மூன்று ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர் மின்வேலி போடாமல் சோயா விதைக்கவே வேண்டாம்.

தெற்கு மாநிலங்களில் சோயாவுக்கு மாற்றாக விதைக்கும் இரண்டு பயறுகளும் நம் வீட்டுச் சமையலறைப் பொருள்கள். ஒன்று தட்டைப்பயறு, 'அயர்ன் அண்ட் கிளே' என்ற பழைய ரகக் கலவையை மானுக்காகவே விற்கிறார்கள். இன்னொன்று மொச்சை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஓவர்டன் ஆய்வு மையம் 'ரியோ வெர்டே' என்று ஒரு மொச்சை ரகத்தையே உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. வெயிலுக்கும் மணல் மண்ணுக்கும் சோயாவைவிட இவை இரண்டும் நன்றாகத் தாங்கும். வேர் பிடித்து ஓரளவு வளர்ந்துவிட்டால் கடித்த இடத்தில் மறுபடி துளிர்க்கவும் செய்யும்.

சோளத்தோடு ஊடுபயிராகத் தட்டைப்பயறும் மொச்சையும் விதைப்பது நம் மானாவாரி நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. மான் நிலத்துக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். சோளத் தட்டை முந்தி எழுந்து நிற்கும். கொடி அதைப் பற்றி ஏறும். மான் ஓரத்தில் நின்று எட்டியதை மேயும். உள்ளே தட்டைகளுக்கு நடுவில் போன கொடி தப்பிப் பிழைத்துக் காய்க்கும். ஆகஸ்டில் இலை, டிசம்பரில் கதிர் என்று ஒரே உழவில் இரண்டு பசிக்கும் பதில் கிடைக்கிறது. ஏக்கருக்குச் சோளம் 2 முதல் 3 கிலோ, தட்டைப்பயறு 8 முதல் 10 கிலோ என்று கலக்கலாம். சோளம் தனியாக என்றால் வரிசை விதைப்புக்கு 3 கிலோ வரை, தூவி விதைக்க 5 முதல் 7 கிலோ. நெருக்கி விதைக்காதீர்கள்; கதிர் சிறுத்துப்போகும். ஒரு குறை மட்டும் உண்டு. சோளத்தில் அகன்ற இலைக் களையை அழிக்கும் அட்ரசின் மருந்து பயற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். கலந்து விதைத்தால் மருந்து கிடையாது, நிலத் தயாரிப்பை மட்டுமே நம்ப வேண்டும். எனவே களை அதிகமுள்ள புது நிலத்தில் முதல் ஆண்டு தனிச் சோளம், இரண்டாம் ஆண்டு கலப்பு.

குளோவர் தனி வகை; தாழ வளரும் மூவிலைத் தீவனச் செடி. கால் ஏக்கர், அரை ஏக்கர்தான் இருக்கிறது, ஓரளவு ஈரம் நிற்கும் மண், மர நிழல் அரை நாள் விழுகிறது என்றால் சோளத்தை மறந்துவிட்டு வெள்ளைக் குளோவரை விதையுங்கள். அவ்வளவு சிறிய சோளத் துண்டைப் பறவைகளே காலி செய்துவிடும். குளோவர் ஒருமுறை விதைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை நிற்கும், 20 சதவீதத்துக்கு மேல் புரதம் தரும், மேய மேய மறுபடி தழைக்கும். ஏக்கருக்கு 3 கிலோ அளவு போதும். விதை மிகப் பொடி. கால் அங்குலத்துக்குக் கீழே புதைந்தால் முளைக்காது. காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரால் நேர்த்தி செய்த விதையாக இருக்க வேண்டும். மண்ணின் கார அமில நிலை 6க்குக் கீழே இருந்தால் முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் விதை. மண் பரிசோதனைக்கு மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் சிறு கட்டணம்தான். அதைச் செய்யாமல் உர மூட்டை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மேற்குக் கேன்சஸ் போன்ற வறள் நிலத்தில் குளோவர் முதல் கோடையிலேயே காய்ந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இலையுதிர்காலப் பயிர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். செப்டம்பரில் விதைக்கும் ஓட்ஸ் மானுக்கு மிகப் பிடித்தது, ஆனால் கடுங்குளிரில் செத்துவிடும். கோதுமைக்கு உறவான ரை தானியம் எந்த மோசமான மண்ணிலும் முளைக்கும், எந்தக் குளிரையும் தாங்கும். கோதுமை இரண்டுக்கும் நடுவில். சோளம் பொய்த்த ஆண்டில் கைகொடுப்பது ரைதான். ஏக்கருக்கு 45 கிலோ தூவிவிட்டு மழையை எதிர்பார்த்தால் போதும். டர்னிப், முள்ளங்கி வகைகள் உறைபனிக்குப் பிறகு இனிப்பேறும், அப்போதுதான் மான் தின்னும். அதை முன்பின் கண்டிராத மான்கள் ஓராண்டு, இரண்டாண்டு தொடாமலும் இருக்கும்.

சட்டத்தில் ஒரு வேறுபாடு முக்கியம். நிலத்தில் விளைந்து நிற்கும் பயிரும், மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய தானியமும் ஒன்றில்லை. மிசூரியில் தானியம் கொட்டி மானை வரவழைத்து வேட்டையாடுவது குற்றம். டெக்சஸில் தனியார் நிலத்தில் அனுமதி உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்ட, மான்களை மெலியவைத்துக் கொல்லும் நலிவு நோய் பரவிய பிறகு, பல மாநிலங்கள் தானியம் கொட்டுவதை முற்றாகத் தடுத்திருக்கின்றன. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பது நோய் பரவ வழியாகிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளக் குவியலில் அஃப்ளாடாக்சின் நஞ்சும் சேரும். சோளக் காட்டில் புறா வேட்டையும் நடத்த நினைப்பவருக்குக் கூட்டரசின் விதி தனி: நிற்கும் சோளத்தை அறுத்துச் சாய்க்கலாம், வெளியிலிருந்து ஒரு பிடி தானியம் கொண்டுவந்து இறைக்கக் கூடாது. உங்கள் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு விதையுங்கள்.

எதை விதைத்தாலும், நிலத்தின் நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு கம்பி வலைக் கூண்டு நட்டு வையுங்கள். மிசூரியின் தெற்கே ஒரு நண்பரின் நிலத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். கூண்டுக்குள் தட்டைப்பயறு இடுப்பளவு புதராகிக் கம்பிக்கு வெளியே இலை நீட்டிக்கொண்டிருந்தது. கூண்டை ஒட்டிய தரையில் விரல் நீளக் குச்சிகள் மட்டும், ஒவ்வொன்றின் நுனியும் கிழிந்து. விதை முளைக்கவில்லை என்று அவர் விதைக்கடைக்காரர்மேல் கோபத்தில் இருந்தார். முளைத்தது, அத்தனையும் மானின் வயிற்றுக்குள் போனது என்பதை அந்த நாலடி வட்டம் காட்டிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குச் சோளத்தின் பங்கைக் கூட்டச் சொன்னேன்.

மார்ச்சில் நிற்கும் தட்டையை உழுது புரட்ட அவசரப்படாதீர்கள். காடைக்கும் வான்கோழிக்கும் அதுவரை அது மறைவிடம். ஏப்ரலில் வெட்டிப் போடுங்கள். சோளத்தட்டை மக்கும்போது மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், அதே இடத்தில் அடுத்துத் தட்டைப்பயறு போடுவது நல்லது, சோளத்தைப் பக்கத்துத் துண்டுக்கு மாற்றிவிடலாம். வேலியோரம் நிற்கும் ஜான்சன் புல்லையும் அப்போதே அழித்துவிடுங்கள். தெற்கே கரும்பு அசுவினி குளிர்காலத்தைக் கழிப்பது அதில்தான்.